மூக்கில்லாத வீட்டில் ஓர் ஓசோன் பெட்டி

ஆம்பூர்,
1936 மார்ச்சு 14.

சர்வேசுரன் துணை.

மதராஸ் ராயபுரத்தில் மின்சாரச் சாமான் கடையில் உத்தியோகம் பார்க்கும் பிரியமுள்ள மைத்துனர் ஞானாதிக்கம் அவர்களுக்கு, ஆம்பூர் தோல் ஷாப்பு மேஸ்திரி இருதயராஜ் எழுதிக்கொண்டது. தேவகிருபையால் நானும் உங்கள் அக்காள் சவுரியம்மாளும் இருக்கிறோம். சௌக்கியமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் மரியாதை. தபசு காலத்தில் பொய் எழுதக் கூடாது என்பதால் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் சௌக்கியம் என்று நீங்கள் தாராளமாக எழுதலாம்.

நீங்கள் ரயில் பார்சலில் அனுப்பிய ஓசோன் பெட்டி வந்து சேர்ந்து இருபது நாளாகிறது. கூடவே வந்த கடிதத்தில், ஷாப்புக் காற்றுதான் அக்காளின் இருமலுக்குக் காரணம், இந்தப் பெட்டி அறைக் காற்றைச் சுத்தம் பண்ணிவிடும், ஏப்ரலில் வருகிற பாஸ்குப் பண்டிகைக்குள் இருமல் நிற்காவிட்டால் நேரில் வந்து அக்காளை ராயபுரத்துக்கே அழைத்துப் போய்விடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். இருபத்தெட்டு வருஷமாக இங்கே தோலைத் தரம் பிரிக்கிறவன் நான். ஒரு நாள்கூட ஊரைவிட்டு நகர முடியாது. ஆகவே அவள் போனால் தனியாகத்தான் போவாள். எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்பது ஒருபுறம் இருக்கட்டும், மறுபுறம் அதைவிடப் பெரியது. அதை மைத்துனருக்கு எழுதுவது முறையில்லை. இந்தக் காரணங்களால் பெட்டியை உங்களைவிட நான்தான் அதிகம் நம்பினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு நீங்கள் பார்த்ததுதான். முதலாளி நயீம் அகமது சாயபு ஷாப்பு காம்பவுண்டுக்குள்ளேயே கொடுத்தது. படுக்கிற அறை பத்தடிக்கு எட்டடி, ஒரே ஜன்னல். அது தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியைப் பார்த்தபடி இருப்பதால் கல்யாணமான வருஷமே சாத்தி ஆணி அடித்துவிட்டேன். ஷாப்பு இஞ்சினிலிருந்து இழுத்த கம்பியில் ஒரே பல்பு, சாயங்காலம் ஆறு மணி முதல் ஒன்பது வரை எரியும். பெட்டியை மாட்ட அந்தப் பல்பைக் கழற்ற வேண்டியிருந்தது. வெளிச்சமா காற்றா என்று வந்தபோது, உங்கள் கெடுவை நினைத்துக் காற்று என்றேன். அன்று முதல் கதவையும் சாத்திக்கொண்டு, இருட்டில் பெட்டி ஊதா நிறத்தில் மினுங்கி வண்டுபோல் முனக, நானும் உங்கள் அக்காளும் அதற்கு எதிரே பாயில் உட்கார்ந்து, பிரசங்கம் கேட்கிறவர்களைப்போல ஆழமாக மூச்சை இழுத்து விட்டோம்.

பெட்டியோடு வந்த இங்கிலீஷ் காகிதத்தைக் கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கொடுத்து அர்த்தம் கேட்டிருந்தேன். நிறைய எழுதியிருந்தது, அவர் பொறுமை முதல் வரியோடு முடிந்துவிட்டது. மூக்கில் காரமான வாசனை பட்ட உடனே பெட்டியை நிறுத்திவிட வேண்டும் என்பது அந்த வரி. எழுதியவர் சீமைக்காரர், அவருக்கு மூக்கு இருந்திருக்கிறது. எனக்கு ஷாப்பில் சேர்ந்த இரண்டாம் வருஷமே மூக்கு வேலையை விட்டு நின்றுவிட்டது. உங்கள் அக்காளுக்கு ஐந்து வருஷம் பிடித்தது. இப்போது மீன் நல்லதா கெட்டதா என்பதைச் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் சொல்கிறாள். இந்தக் காம்பவுண்டில் குடியிருக்கிற எவரிடமும் முழு மூக்கு கிடையாது, யாரும் அதைக் குறையாக நினைப்பதும் இல்லை. ஆகவே நாங்கள் வாசனைக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. பெட்டி இன்னும் சூடு பிடிக்கவில்லை என்று முடிவு செய்து, ஒன்பது மணிக்கு இஞ்சின் நிற்கும்வரை ஓட்டினோம். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள், சின்னப் பெட்டி பாவம், கொஞ்சம் உதவி செய்வோம் என்று கதவிடுக்கில் பழைய சாக்கைச் சுருட்டி வைத்தேன்.

நாலாம் நாள் எங்கள் இருவருக்கும் கண் எரிந்தது, தொண்டை வறண்டது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. உங்கள் அக்காளின் இருமல் இரட்டிப்பாயிற்று. வியாதி வெளியேறுகிறது என்று அவளுக்கு நானே தைரியம் சொன்னேன். சுவரில் பத்து வருஷமாகக் குடியிருந்த பல்லி அன்றைக்கே வெளியேறியது. அதற்கு இங்கிலீஷ் தெரியாது. அறையில் சாத்தி வைத்திருந்த என் சைக்கிளின் டயரில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு. அது தோலாக இருந்தால் மூன்றாம் தரம் என்று முத்திரை குத்தித் தள்ளியிருப்பேன். திருஇருதயப் படத்தில் ஆண்டவரின் சிவப்பு அங்கி வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டது. அதைப் பார்த்து உங்கள் அக்காள் அழுதாள். அழுகையா, பெட்டியா என்று கண்ணைப் பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இனி ஒரு மூக்கை இரவல் வாங்கியாவது பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். நாயக்கனேரி மலையடிவாரத்திலிருந்து பூக்கூடையோடு வருகிற செண்பகம் நினைவுக்கு வந்தாள். மல்லிகையோடு பழகுகிற மூக்கு, பழுதாக நியாயமில்லை. ஆறரை மணிக்கு அவளை அழைத்து வந்து கதவைத் திறந்தேன். நிலைப்படியைத் தாண்டாமலே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா மேஸ்திரி இது, இடி உழுந்த வூடு மாரி கீது. மூக்குல ஊசி ஏறுது."

தோல் நாற்றமாவது குறைந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"அது அது பாட்டுக்குக் கீது. இது அதுக்கும் மேல. அக்கா கண்ணப் பாரு, மொளகாப்பழம் மாரி. நீ மொதல்ல வெளிய வாக்கா."

உங்கள் அக்காள் வெளியே போனாள். நான் போய் இஞ்சின் ஓட்டும் அமீர் பாஷாவைக் கூப்பிட்டு வந்தேன். அவர் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதலில் கம்பியைப் பிடுங்கினார். பிறகுதான் பேசினார்.

"டைனமோல பொறி ஜாஸ்தி பறந்தா இதே சமாச்சாரம்தான், மேஸ்திரி. எனக்கு வாசனை தெரியாது, தலநோவு தெரியும். அதுக்குத்தான் ரெண்டு கதவையும் தொறந்து போட்டு வேல செய்றேன். நீ இன்னான்னா அத வூட்டுக்குள்ள வெச்சி, கதவ சாத்தி, சாக்கு வேற சொருகிக்கினு இழுக்கறே. இன்னா பேஜார் பண்ணிக்கினு கீறே?"

அந்தக் காகிதத்தை மறுபடி வாத்தியாரிடம் கொண்டுபோய், இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் நகர விடாமல் உட்கார்ந்துகொண்டேன். எல்லாம் எழுதித்தான் இருந்தது. பெட்டி ஓடும்போது சின்ன அறையில் மனுஷரோ ஆடுமாடோ செடிகொடியோ இருக்கக் கூடாது. சில நிமிஷம் ஓட்டினால் போதும். நிறுத்தின பிறகு ஜன்னல் கதவெல்லாம் திறந்து வைத்து, அரை மணியாவது கழித்துத்தான் உள்ளே போக வேண்டும். நெஞ்சு நோவுக்காரர் கிட்டவே வர வேண்டாம். ரப்பர் சாமானையும் சாயத் துணியையும் அப்புறப்படுத்த வேண்டும். ஆக, இருமுகிற உங்கள் அக்காளுக்காக நீங்கள் அனுப்பிய பெட்டி, இருமாதவர்கள், அதுவும் அறைக்கு வெளியே இருந்துகொண்டு, உபயோகிக்க வேண்டிய பெட்டி.

இருந்தாலும் உங்கள் கெடு இருக்கிறதே என்று விதிப்படியும் செய்து பார்த்தேன். ஆணியைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்து மூடும்படி பண்ணினேன். அறைக் காற்று சுத்தமாகிற நேரத்தில் நாங்கள் இருவரும் தோல் பதனிடுகிற ஆவாரம் பட்டைக் குவியல் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஷாப்புக் காற்றைச் சுவாசித்தோம். சுத்தமான பிறகு ஜன்னலைத் திறந்து அதே ஷாப்புக் காற்றை உள்ளே விட்டோம். பிறகு நாங்களும் போனோம். இப்படி மூன்று நாள். நாலாம் நாள் பெட்டியை மாட்டவில்லை, பல்பை மாட்டினேன். ஜன்னலைச் சாத்த மட்டும் மறந்துவிட்டேன். அன்றைக்கு உங்கள் அக்காள் வழக்கத்தில் பாதிதான் இருமினாள். இன்றோடு ஒன்பது நாள் ஜன்னல் திறந்தே இருக்கிறது, இருமலும் அந்தப் பாதியிலேயே நிற்கிறது. அடுப்புப் புகையும் எங்கள் மூச்சும் இருபது வருஷமாக வெளியே போக வழி தேடியிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். அமீர் பாஷாவும் அதையே சொல்கிறார், ஆனால் இவ்வளவு மரியாதையாக இல்லை.

ஆகவே நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றே. தாங்கள் வாருங்கள், கட்டாயம் வாருங்கள், பெட்டியை அழைத்துக்கொண்டு போங்கள். அக்காளை விட்டுவிடுங்கள். அவளுக்கு இந்த ஊரைவிட்டுப் போக மனசே இல்லை, மதராஸ் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்கள் பிள்ளைகளுக்கு நல்ல படிப்பும் நல்ல மூக்கும் நிலைத்திருக்க வேண்டுமென்று தேவமாதாவை மன்றாடும்,

இருதயராஜ்.

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உங்கள் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "இவ்ளோ எழுதினீங்களே, நான் போவ மாட்டேன்னு எப்ப சொன்னேன்?" என்றாள். இருமல்தான் குறைந்துவிட்டதே என்றேன். "இருமலுக்கா போறேன்? தம்பியப் பாத்து நாலு வருசமாச்சு. கடலப் பாக்கணும். நீங்க ஒரு வாட்டியாச்சும் கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது அந்த ஆசையை நான் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக இருந்திருக்கலாம்.

வரும் 22-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் வருகிறாள், ஸ்டேஷனுக்கு வரவும். ஒரு டிக்கெட் வாங்கி வரச் சொன்னாள். இரண்டு வாங்கிவிட்டேன். சாயபுவிடம் லீவும் கேட்டாயிற்று. இதற்குமுன் நான் கேட்டதில்லையாதலால் எப்படிக் கொடுப்பது என்று அவருக்கே சற்று நேரம் விளங்கவில்லை. உங்கள் அக்காளிடம் இன்னும் சொல்லவில்லை. வழியனுப்ப வண்டியில் ஏறினவன் இறங்கவில்லை என்பதைக் காட்பாடி தாண்டின பிறகுதான் கவனிப்பாள் என்று நம்புகிறேன்.