மாத்திரை நெற்றியில் நாமம்

சொன்ன பேச்சைக் கேட்காதவர்களால் ஓர் அலுவலகத்துக்கு ஆபத்து வரும் என்பார்கள். சொன்ன பேச்சைக் கேட்பவர்களால் வரும் ஆபத்து அதைவிடப் பெரியது. எனக்குத் தெரியும், அந்த ஆபத்தாக நானே இருந்திருக்கிறேன்.

தில்லை நகரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் எனக்கு அப்போது புரொபேஷன் முடிகிற நேரம். வேலை நிரந்தரமானால் நிம்மதி. இல்லாவிட்டால் ஸ்ரீரங்கத்தில் சித்தப்பாவின் மெடிக்கல் ஷாப்பில் போய் உட்கார வேண்டும். (சித்தப்பா தங்கமான மனிதர். ஆனால் இருமல் மருந்து கேட்டு வருகிறவரிடம் இருமலின் வரலாறு முழுவதையும் சொல்வார். மருந்து கைக்கு வருவதற்குள் வந்தவருக்கு இருமல் நின்றுவிடும்.) அப்பாவோ, பெண்ணுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று எங்கள் சித்திரை வீதி முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் இயந்திரம் வந்தது. வார்டில் இருக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் வேளைக்கு வேண்டிய மாத்திரைகளை அதுவே எடுத்துச் சின்னப் பாக்கெட்டில் போடும். பிறகு பாக்கெட் ஒரு கண்ணாடிச் சன்னல் முன்னால் வந்து நிற்கும். சன்னலுக்குப் பின்னால் இருக்கும் கேமரா படம் பிடித்து, டாக்டர் எழுதிய மாத்திரைதானா, நிறமும் வடிவமும் சரிதானா என்று பார்க்கும். துளி சந்தேகம் வந்தாலும் பாக்கெட்டை வெளியே விடாது. மருத்துவமனை முதலாளியான பெரிய டாக்டர் வெள்ளிக்கிழமை வந்து அதன் வேலையைப் பார்ப்பதாக ஏற்பாடு. அன்றைக்கே என் ஃபைலிலும் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று தலைமை மருந்தாளுநர் லூர்து மேரி மேடம் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா ஒரு டப்பாவை நீட்டினார். உள்ளே நாமம் போட வெள்ளைத் திருமண்ணும் சிவப்பு ஸ்ரீசூர்ணமும். கிரைண்டர், வாஷிங் மெஷின், ஸ்கூட்டர் என்று எங்கள் வீட்டில் நாமம் இல்லாத இயந்திரமே கிடையாது.

"புதுசா ஒண்ணு ஆரம்பிக்கறச்சே திருமண் சாத்தாம ஆரம்பிக்கப்படாதும்மா. அப்புறம் மக்கர் பண்ணும்" என்றார்.

மேடமிடம் டப்பாவைக் காட்டினேன். "அய்யய்யோ, வேணாம்மா! வெள்ளை வெளேர்னு இருக்கு மெஷின். பெரிய டாக்டர் வர்ற நேரத்துல வெளிய ஒரு கறை தெரியக்கூடாது, சொல்லிட்டேன்." அவர் மட்டும் அதன் முன்னால் சிலுவை போட்டுக்கொண்டு ஜெபம் சொன்னதை நான் பார்த்தேன். (ஜெபத்தில் கறை படாது. அது ஒரு வசதி.)

மேடம் பேச்சை நான் தட்டுவேனா? வெளியே ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. இயந்திரத்தைப் பொருத்த வந்திருந்த இன்ஜினியர் கார்த்திக் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து அதன் கதவைத் திறந்தேன். உள்ளே பளபளவென்று இருந்த கண்ணாடிச் சன்னலில் திருத்தமாக ஒரு நாமம் சாத்தி, சேவித்துவிட்டு மூடினேன். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைப்பு. அந்த இயந்திரம் பார்ப்பதே அந்தச் சன்னல் வழியாகத்தான் என்று அரை நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். மண்டையில் ஏறினால்தானே!

பெரிய டாக்டர் வந்தார். கார்த்திக் பட்டனை அழுத்தினார். முதல் பாக்கெட் வந்து நின்றதும் திரை சிவந்து, இயந்திரம் கீச்சென்று கத்தியது. அடுத்த பாக்கெட்டுக்கும் அதே கத்தல். அதற்கடுத்ததற்கும் அதேதான்.

"மாத்திரையில ஏதோ சிவப்பா கோடு தெரியுது சார்" என்றார் கார்த்திக், குழம்பிப்போய்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நிரந்தர வேலை ஆசை விடவில்லை. முன்னால் போய் நின்று, "இது மாத்திரைக் கம்பெனி தப்பு சார். கலர் கசிஞ்சிருக்கு. அந்த பேட்ச் முழுக்கத் திருப்பி அனுப்பிடணும்" என்றேன்.

"ஆனா பிரஷர் மாத்திரை, சத்து மாத்திரை, காய்ச்சல் மாத்திரை எல்லாத்துலயும் இருக்கே? எல்லாம் வேற வேற கம்பெனி" என்றார் கார்த்திக்.

"எல்லாம் ஒரே லாரியில வந்திருக்கும்" என்றேன். (இதைச் சொன்ன வாயில்தான் இன்றுவரை சாப்பிடுகிறேன்.)

வார்டிலிருந்து நர்ஸுகள் போன் மேல் போன் போட்டார்கள். மேடம் கையாலேயே மாத்திரைகளை எடுத்து, சரிபார்த்து அனுப்பிவிட்டு வந்து, திரையில் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். உருண்டையான ஒரு காய்ச்சல் மாத்திரை. அதன் நட்டநடு நெற்றியில், கொஞ்சம் மங்கலாக, வெள்ளைத் திருமண்ணும் நடுவில் சிவப்புக் கோடும். உற்சவத்துக்குக் கிளம்பிய மாதிரி இருந்தது.

மேடம் திரையைப் பார்த்தார். திரும்பி என் நெற்றியில் இருந்த ஸ்ரீசூர்ணக் கோட்டைப் பார்த்தார்.

"ரங்கநாயகி, இங்க வாம்மா. எங்க வெச்ச?"

"நீங்க வெளியதானே வைக்க வேணாம்னீங்க, மேடம்..."

சித்தப்பா கடையின் மர ஸ்டூல் கண்ணெதிரே வந்து நின்றது. கார்த்திக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க இருமினார். பெரிய டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏம்ப்பா, ஒரு பாக்கெட்டையாவது வெளிய விட்டுச்சா?"

"ஒண்ணுகூட விடலை சார்."

"சந்தேகம்னு வந்தா யார் என்ன சொன்னாலும் விடாது, இல்ல? இதைவிட வேற என்ன டெஸ்ட் வேணும்?" என்றவர், அங்கேயே பேனாவை எடுத்து, இயந்திரத்தை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணை இன்னும் மூணு மாசம் பார்ப்போம். என்ன மேடம்?"

அப்பா வீதிக்கு என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து எனக்கும் கையெழுத்துக் கிடைத்தது. ஆனால் நடந்தது நடந்ததுதான். அந்த மருந்தகத்தில் இயந்திரம் எனக்கு மூன்று மாதம் சீனியர்.

என் கணவருக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. அங்கே சீனியாரிட்டி என்றால் உயிர். கல்யாணமான புதிதில் வாய் தவறி இந்தக் கதையை அவரிடம் சொல்லிவிட்டேன். அன்று பிடித்தது சனி. வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேசினால், "உன் சீனியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டியா?" என்பார். போன வாரம் இயந்திரம் ரிப்பேராகிப் படுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து அலுத்துக்கொண்டேன். ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த என் பெண் தலையைத் தூக்கி, ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்:

"அப்போ இன்னிக்கு மட்டும் நீதான் இன்சார்ஜாம்மா?"