எதிர் வீட்டுச் சுவர்

பெயிண்டிங் கான்ட்ராக்டர் சைஃபுல்லா சொல்ல வேண்டியது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். வேங்கிக்கால் வரைக்கும் வண்டியில் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தார். ஆனால் வீட்டுக்கார அம்மா மணியம்மாள் கேசரித் தட்டை நீட்டியதும் வாய் தானாக, "எழுபதாயிரம் போதுங்க" என்றது. பாழாய்ப்போன வாய்! எந்த வீட்டில் ஒரு கவளம் சாப்பிட்டாலும் அந்த வீட்டாரிடம் அவருக்குக் காசு கேட்க வராது.

போன மூன்று வேலையும் இப்படித்தான் நஷ்டம். "இதுலயும் கையைச் சுட்டுக்கிட்டு வந்தீங்கன்னா, நாளைக்கே கீழ்பென்னாத்தூர்ல எங்கண்ணன் செருப்புக் கடைக்குக் கிளம்பிடணும்" என்று மனைவி ஷாஹீன் கறாராகச் சொல்லியிருந்தாள். மச்சான் ஜானி பாஷா முன்னால் கைகட்டி நிற்பதா? நினைத்தாலே கேசரி கசந்தது.

சரி, வேலை ஜாஸ்தி என்று காட்டி ரேட்டை ஏற்றிவிடலாம்.

"சார், மாடிப்படிச் சுவரெல்லாம் ஓதம் அடிச்சிருக்குது. சுரண்டிட்டுப் பூசணும்."

வீட்டுக்காரர் ராமதாஸ் தலையாட்டினார். "பண்ணிடுங்க பாய். அதே எழுபதுதானே?"

"ஆ... ஆமாங்க." சைஃபுல்லா விடவில்லை. "வெளிப்பக்கம் ரொம்ப உசரம் சார். சாரம் கட்டணும்."

"தாராளமா கட்டுங்க. அப்படியே வாசல் கேட்டு, கிரில்லு, தண்ணித் தொட்டிக்கும் அடிச்சிடுங்க. எழுபதுதானே?"

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். மணியம்மாள் தட்டில் இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள். வாய் மூடிக்கொண்டது.

"அப்புறம் பாய்," ராமதாஸ் ஜன்னல் வழியே கைகாட்டினார். "அந்த எதிர் வீட்டுச் சுவரு. காலையில எழுந்தா அதான் கண்ணுல படுது. அதுக்கும் ஒரு கோட்டிங்..."

"அட, என்னா சார் நீங்க!" சைஃபுல்லா தட்டை ணங்கென்று வைத்தார். "கட்டுப்படியாகாது! பெயிண்ட்டு வாங்கவே எழுபது பத்தாது. ஆள் கூலிய எங்க பாட்டன் வந்து குடுப்பாரா? ஒரு லட்சத்து நாப்பது! ஒத்த ரூபா கம்மி பண்ண மாட்டேன். எதிர் வூட்டுச் சுவரைத் தொடவும் மாட்டேன்!"

கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. போச்சு, வந்த வேலையும் போச்சு.

ராமதாஸ் உள்ளே போய் அட்வான்ஸ் பணத்தோடு வந்தார். "ஒன்னு நாப்பது, சரி பாய். திங்கக்கிழமை ஆரம்பிச்சிடுங்க."

அப்பாடா! சைஃபுல்லாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இனி செருப்புக் கடையாவது ஒன்றாவது! மனிதர் தரையில் கால் பாவாமல் வாசலுக்கு வந்தார்.

மணியம்மாள் பின்னாலேயே வந்தாள். "கோவிச்சுக்காதீங்க பாய். கம்மி ரேட்டு சொன்ன ஆளு ஒருத்தரு போன வருசம் பாதி வேலையில ஓடிட்டாரு. அந்தப் பயத்துலதான் நாங்களும் ஒத்துக்கிட்டோம்."

"எதுக்கும்மா ஒத்துக்கிட்டீங்க?"

"'எங்க வூட்டுக்காரரு வாயில சரியான ரேட்டு வர்ற வரைக்கும் வேலைய ஏத்திக்கிட்டே போங்கக்கா'ன்னு உங்க ஷாஹீன்தான் காலையில போன் பண்ணிச்சு, நல்லவேளை கத்திட்டீங்க, அடுத்து கலெக்டர் ஆபீஸ் காம்பவுண்டைத்தான் கேக்கணும்னு இருந்தோம்!"