தாய்மாமன் கடித்த கொய்யா

அரைகுறையாகக் கேட்டு வந்த விஷயத்தை மைக்கில் பேசக் கூடாது. பேசினால் என்ன ஆகும் என்பதற்கு என் இடது கடைவாயில் இருக்கும் காலியிடமே சாட்சி.

என் மகள் யாழினிக்கு மூன்று வயது முடிவதற்குள் மேல் முன்பற்கள் நான்கும் கறுத்துவிட்டன. தருமபுரியில் பல் டாக்டரம்மாவிடம் காட்டினோம். "மிட்டாய் மட்டும் காரணமில்லைங்க. பெரியவங்க வாயில இருக்கற கிருமி எச்சில் வழியா குழந்தைக்குப் போகும். இனிப்பு கெடைச்சா அது அமிலம் பண்ணிப் பல்லை அரிச்சுரும். கடிச்சுக் குடுக்கறது, ஒரே ஸ்பூன்ல ஊட்டறது எல்லாம் வேண்டாம்" என்றார். "நீங்களும் பல்லைக் காட்டிட்டுப் போங்க" என்றும் சொன்னார். அதற்குள் நான் வாசலுக்கு வந்துவிட்டேன். (குற்றவாளி யார் என்று எனக்குத்தான் தெரிந்துவிட்டதே!)

குற்றவாளி என் மச்சான் செல்வராசு, மனைவியின் அண்ணன். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் கொய்யாப்பழம் வாங்கி வருவார். தான் ஒரு கடி கடித்துவிட்டு மீதியை மருமகள் வாயில் வைப்பார்.

காதுகுத்து நாள் வந்தது. குலதெய்வக் கோயில் வாசலில், தாய்மாமன் மடியில் யாழினி. ஆசாரி ஊசியோடு தயார். மச்சான் கையில் வழக்கம்போல் கொய்யா. பாட்டுப் போட வந்த மைக் செட்டு பக்கத்திலேயே இருந்தது. எனக்குள் தூங்கிய விஞ்ஞானி விழித்துக்கொண்டான்.

"சொந்தக்காரங்களுக்கு ஒரு வேண்டுகோள்! எச்சில் பண்ணிக் குடுக்கறதாலதான் கொழந்தைங்க பல்லு சொத்தையாவுது. இதோ, இப்பக்கூட ஒருத்தர் கடிச்சுட்டிருக்காரு!"

மச்சான் கொய்யாவைக் கீழே வைத்தார். "அப்ப எம்மடியும் எச்சிலுங்களா மாப்ள?" என்று கேட்டவர், பிள்ளையை இறக்கிவிட்டுப் போய், தான் ஓட்டி வந்த டிராக்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தாய்மாமன் மடி இல்லாமல் எங்கள் சனத்தில் காது குத்த மாட்டார்கள். ஆசாரி ஊசியைப் பெட்டிக்குள் வைத்தார்.

பிள்ளையோ கொய்யா கேட்டு வீறிட்டாள். சமாதானப்படுத்தக் கடலை உருண்டை ஒன்றை எடுத்தேன். (இனிப்பு ஆகாது என்று பாடம் கேட்டு வந்தவன் எடுத்த பண்டத்தைப் பாருங்கள்!) கல் மாதிரி இருந்தது. புதுச் சட்டை நுனியை அதன்மேல் சுற்றினேன். "இதுதான் காக்காக் கடி! துணி மேல கடிச்சா எச்சில் படாது" என்று மைக்கிலேயே விளக்கிவிட்டுக் கடித்தேன்.

'கடக்!'

ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது. அடுத்து என் "ஐயோ அம்மா"வும். இரண்டு வருடமாகக் கிராம்பு வைத்து, யாருக்கும் தெரியாமல் காப்பாற்றிய சொத்தைப் பல் உடைந்து சட்டை நுனியில் கிடந்தது.

மச்சான் டிராக்டரிலிருந்து குதித்து ஓடி வந்து, செல்போன் டார்ச்சை என் வாய்க்குள் அடித்தார். "ஆத்தாடி, அஞ்சு சொத்தைங்க!" பிறகு தன் வாயைத் திறந்து கூட்டத்துக்குக் காட்டினார். அதில் ஒரு சொத்தைகூட இல்லை. என் மனைவிக்கு மைக் தேவைப்படவில்லை. "சூடு பாக்கறேன்னு தெனமும் பாப்பா ஸ்பூன்ல மொதல் வாய் குடிக்கறது யாருங்க?"

நான்தான்.

"மன்னிச்சுக்குங்க மச்சான்" என்றேன். "வாய மூடுங்க மாப்ள, கிருமி வந்துரும்" என்று சொல்லி, மறுபடி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காது குத்தும்போது யாழினி அழவே இல்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நான் அழுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவளுக்கு எட்டு வயது. பளிச்சென்று புதுப் பற்கள். மச்சான் கொய்யாவைக் கத்தியால் நறுக்கித்தான் கொடுக்கிறார். ஆனால் எந்த விசேஷத்திலும் நான் மைக் பக்கம் நகர்ந்தால் போதும், யாழினி டார்ச்சோடு வந்து நிற்பாள்.

"மொதல்ல வாயக் காட்டுங்கப்பா. அப்புறம் பேசுங்க."