பெரிய மாப்பிள்ளையை முந்துவது எப்படி

இரண்டில் எதை வாங்குவது என்று முடிவாகாமலே மூன்று வாரம் ஓடிவிட்டது. சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. அத்தனையும் சூப்பர்சார்ஜர் படங்கள்.

"இன்னிக்காவது இதையெல்லாம் எடுப்பீங்களா?" என்றாள் மனைவி. "குழந்தை ஒரு வாரமா மடியில தட்டை வச்சுச் சாப்பிடறா."

"எடுத்துடறேன். இங்க பாரேன், இது காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள திணிக்கிற மெஷின். காரோட இழுவை சும்மா எகிறிடும். ஒண்ணு எஞ்சின் தலைமேல உக்காரும், காலை அழுத்தின உடனே இழுக்கும். இன்னொண்ணு பக்கத்துல ஒட்டிக்கும், வேகம் ஏறின பிறகுதான் இழுக்கும். எது தேவலைன்னு நீயே சொல்லு."

"எது மேசையை விட்டு முதல்ல போகுமோ அது."

அவர் ஒரு லிஃப்ட் இன்ஸ்பெக்டர். வாரத்தில் ஆறு நாள் ஊரார் கட்டடங்களில் மேலும் கீழுமாக ஊர்ந்துவிட்டு வருகிறவர். ஏழாவது நாள் மாமனார் வீடு. வினையே அங்கேதான்.

ஒரு மணி நேரப் பயணம். எப்போது போனாலும் பெரிய மாப்பிள்ளையின் கார் வாசலில் நிற்கும். சகலை கூடத்து நாற்காலியில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, டீயை உறிஞ்சியபடி, "வாங்க சகலை" என்பார். மாமனார் கடிகாரத்தைப் பார்ப்பார். "பெரியவர் வந்து முக்கால் மணியாச்சு" என்பார். ஆறு வருஷமாக இதே பாட்டு. கேட்டுக் கேட்டு மரத்துப் போயிருக்க வேண்டும், போகவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சுருக்கென்று தைத்தது. ஒரே ஒரு தடவை தான் முதலில் போய் நின்று, அந்த மனிதரை "வாங்க சகலை" என்று வரவேற்றுவிட்டால் போதும், அப்புறம் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தார். தன் வீட்டு வாசலில் கல்யாணத்துக்கு முன் வாங்கிய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் வேறு நின்றுகொண்டு ஆசையைக் கிளறியது.

"அரை மணி முன்னாடி கிளம்பினா ஆச்சு. இதுக்குப் போய் மெஷினா?" என்றாள் மனைவி.

"எட்டரைக்குத்தான் நீ தலை வாரவே உக்கார்றே. நான் எங்கே முன்னாடி கிளம்பறது?"

"அதானே, கடைசியில எல்லாம் என் தலையில வந்து விடியணும்."

விஷயம் சகலை காதுக்கும் போயிற்று. கிண்டல் செய்யப்போகிறார் என்று இவர் பயந்தால், மனிதர் மறுநாளே நேரில் வந்து நின்றார். படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்.

"சந்தேகமே வேண்டாம் சகலை. எஞ்சின் தலைமேல உக்கார்றதுதான் உங்களுக்கு. சிக்னல்ல பச்சை விழுந்ததும் பிச்சுக்கிட்டுப் போகணும். எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் இருக்கார், நானே கூட்டிட்டுப் போறேன்."

எதிரியாக நினைத்த ஆளுக்கு இவ்வளவு பெரிய மனசா என்று இவருக்கு வெட்கமாகிவிட்டது.

அந்த மெக்கானிக்குக் கடைத்தெருவில் 'ஆகட்டும்' என்று பெயர். எதைச் சொன்னாலும் அதைத்தான் சொல்வார். மெஷினை மாட்டி முடித்ததும் பானெட் மூடவில்லை.

"நடுவுல ஓட்டை போட்டுடலாமா?" என்றார் இவர்.

"ஆகட்டும்."

ஓட்டை போட்டார்கள். அன்றைக்கே மழை பெய்தது. ஓட்டைக்கு மேல் தகரத்தில் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு மூடி அடித்தார்கள். முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால் சட்டிதான் தெரிந்தது, ரோடு தெரியவில்லை. சீட்டை உயர்த்தினார்கள், தலை கூரையில் இடித்தது. சரி, குனிந்து ஓட்டிக்கொள்ளலாம் என்றால் வண்டி இருமியது. பெட்ரோல் பம்ப் போதவில்லையாம். பெரிய பம்ப் மாட்டியதும் எஞ்சின் கொதித்தது. அதைத் தணிக்க ஒரு தண்ணீர்த் தொட்டி வேண்டுமாம்.

"தொட்டியை எங்கே வைக்கிறது?"

"பின்சீட்டை எடுத்துட்டா இடம் இருக்கு" என்று யோசனை சொன்னவர் சகலை.

"ஆகட்டும்" என்றார் ஆகட்டும்.

பின்சீட்டு போயிற்று. அந்தத் தொட்டியின் குழாய்கள் முன்பக்கம் வந்து இன்னொரு சீட்டையும் கேட்டன. அதுவும் போயிற்று. எஞ்சினின் இழுப்பைத் தாங்காமல் கிளட்ச் வழுக்கியது. கனமான கிளட்ச் போட்டார்கள். அதை மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கிப்போய், படியேற முடியாமல், பழுதா இல்லையா என்று சோதிக்க வேண்டிய லிஃப்டிலேயே நம்பி ஏறிப்போனார் மனிதர்.

"எல்லாத்தையும் கழட்டிக் கடாசிடலாம்னு இருக்கு" என்று சகலைக்குப் போன் செய்தார். உண்மையிலேயே அவருக்கு அழுகை வந்தது.

"என்ன சகலை, இவ்வளவு தூரம் வந்துட்டு! அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்கதான் முதல். நான் சொல்றேன் பாருங்க."

சனிக்கிழமை மனைவி காருக்குள் எட்டிப் பார்த்தாள். ஓட்டுகிறவர் உட்கார மட்டும் இடம் இருந்தது.

"நானும் குழந்தையும் எங்கே உக்கார்றது? தொட்டிக்குள்ளயா?"

அதற்கும் சகலையிடம் வழி இருந்தது. "அவங்களை எங்க வண்டியில ஏத்திக்கறேன். தங்கச்சி மெதுவா தலை வாரட்டும், நாங்க காத்திருந்து கூட்டிட்டு வர்றோம். நீங்க பாட்டுக்கு ஏழரைக்கே கிளம்புங்க."

ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்குக் கிளம்பினார். பிச்சுக்கொண்டு போக ஓர் இடம் கிடைக்கவில்லை. ஊர் எல்லை வரை ஒரு சிமெண்ட் லாரிக்குப் பின்னால் குனிந்தபடியே ஊர்ந்தார். சூப்பர்சார்ஜர் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. கழுத்து வலித்தது, முழங்கால் வலித்தது, முதுகில் சுடுதண்ணீர்க் குழாய் சுட்டது.

ஆனால் மாமனார் வீட்டு வாசல் காலியாக இருந்தது.

இறங்கி நின்று அந்தக் காலி இடத்தைக் கண்குளிரப் பார்த்தார். ஆறு வருஷம்! நொண்டிக்கொண்டே படியேறி உள்ளே போனார். கூடத்தில் யாரும் இல்லை. படுக்கையறையில் பேச்சுக்குரல் கேட்டது. அங்கே ஆளுயர இரும்பு பீரோ ஒன்று சுவரை விட்டு நாலு விரற்கடை தள்ளி நின்றது. மாமியார் ஜன்னலைக் காட்டி, "போன வாரம் வச்ச இடம் எனக்குப் பிடிக்கலை, இந்த வாரம் அங்கே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமனார் இவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகக் கையைப் பிடித்து இழுத்தார்.

"வாங்க சின்ன மாப்பிள்ளை! முதல்ல வர்றவர்தான் பீரோவைத் தூக்கணும்னு ஆகி ஆறு வருஷமா பெரியவருக்கு இடுப்பே போச்சு. 'இனிமே வாராவாரம் சின்னவர்தான் முதல்ல வருவார், அவர் வண்டிக்கு மெஷினே நான்தான் பாத்துப் பொறுக்கினேன்'னு நேத்து போன்ல ஒரே சந்தோஷம் அவருக்கு. சரி, அந்தப் பக்கத்தைப் பிடிங்க."