ஏழாம் குண்டுப் படலம்

மார்ச் 12, வியாழன். ஆறு தோட்டா ரிவால்வரை ஏழு முறை சுட விட்டுவிட்டேன். எண்ணும் பொறுப்பு என்னுடையது; தவறும் என்னுடையது.

இவ்வாறு தன் நாட்குறிப்பில் தன்னையே கூண்டிலேற்றிய ஃபராஸ் வாழ்க. ஆழ்வார்பேட்டை மாலைத் திரைப்பட வகுப்பின் மாணவமணி, படத்தொகுப்புக் கணினியின் காவலன், மும்முறை சரிபார்த்தும் ஐயம் தீரா நெஞ்சினன், அவன் புகழ் ஓங்குக.

வகுப்பின் பேய்ப்படம் நாளை மாலை திரையேறுகிறது. அதில் காவல் ஆய்வாளர் வேடம் பூண்ட ஜவஹர், நாலடித் தொலைவில் வெண்புடவை விரித்து நின்ற பேயை நோக்கி, இடியும் நாண, ஆற்காடு சாலையும் அதிர, ரங்கநாதன் தெருவில் வாங்கிய பொம்மை ரிவால்வரை ஓங்கி, நிலைக்கண்ணாடியை நொறுக்கி, குத்துவிளக்கைச் சாய்த்து, நாட்காட்டியைத் துளைத்து, பேயொன்றை மட்டும் தீண்டாமல் பொழிந்து தள்ளி, ஏழாம் குண்டில்தான் அதை மாய்த்தான். உருளையிலோ ஆறே அறைகள். அதையும் திரை நிறையக் காட்டியாயிற்று.

“ஒரு குண்ட எடுத்தாகணும்” என்று முழங்கினான் ஃபராஸ்.

மயிலாப்பூர் ஈன்ற பெண்சிங்கம், இயக்குநர் சாருலதா சீறினாள்: “பேயே வந்து நிக்கறது. அதை நம்பறவா ஏழாவது குண்டை நம்பமாட்டாளா?”

“பேய்க்குக் கணக்கு கெடையாது. துப்பாக்கிக்கு இருக்கு.”

“குண்டு வாங்கின பேயே கம்முனு கீது, நீ இன்னா மச்சி கணக்கு கேட்டுக்கினு கீற?” என்றான் ஜவஹர்.

ஆனால் அவ்வகுப்பில் ஒரு கொடிய வழக்கம் உண்டு. திரையில் பிழை கண்டால் அரங்கமே சேர்ந்து ‘ஒண்ணு, ரெண்டு’ என்று உரக்க எண்ணும். போன மாதம் வேறொரு குழுவின் இயக்குநர் பாதிப் படத்தில் எழுந்து போனார். அது நினைவுக்கு வர, சிங்கம் அடங்கிற்று.

எந்தக் குண்டை வீழ்த்துவது? முதற்குண்டின் ஓசைக்குக் கதவிடுக்கில் எட்டிப்பார்ப்பவர் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கன். தன் முகம் படத்தில் வந்தால்தான் வீடு என்று படப்பிடிப்புக்கு இரவல் தந்தவர். கண்ணாடிக் குண்டுக்கோ சாருலதா குறுக்கே நின்றாள்: “அது எங்காத்துக் கண்ணாடி. உடைச்சதுக்கு அம்மா இன்னும் எங்கிட்டப் பேசலை.” உருண்டு புரண்டு சுட்டவற்றை ஜவஹர் காத்தான்: “முட்டியப் பேத்துக்கினு சுட்டது மச்சி, கைய வெக்காத.” ஏழாவது போனால் பேய் சாகாது.

எஞ்சியது நான்காவது. விசையை அழுத்தும் கை மட்டும் தெரியும் அண்மைக் காட்சி. ஜவஹரின் விரல் நடுங்கியதால் அங்கே நடித்தது ஃபராஸின் வலக்கை. படம் முழுவதிலும் அவன் தோன்றும் ஒரே இடம். “என் கை வருதும்மா” என்று சொல்லி வைத்திருந்தான். அன்னை ஷாகிராவோ, அந்தக் கையைக் காணப் பெருங்குடியிலிருந்து மாடி வீட்டார் அனைவரையும் திரட்டி வரவிருந்தாள்.

ஐயமே உருவான அவ்வீரன் அப்போது ஐயுறவில்லை. மதயானை முன் நின்ற வேல்வீரனென நிமிர்ந்து, கணினியின் எலியைக் கையில் பற்றி, கண்மூடி, தன் கையைத் தானே கொய்தான். வெற்றி முரசு ஒலிக்கவில்லை, மின்விசிறிதான் கடகடத்தது. பிறகு எண்ணினான். ஆறு. மறுபடி எண்ணினான். ஆறேதான்.

வெள்ளிக்கிழமை வேலை: படத்தில் கை வராது என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும்.