துண்டுக்குள் வாங்கிய எஞ்சின்

துண்டுக்குள் தீர்த்தகிரியின் மூன்று விரல்கள் தரகர் பச்சமுத்துவின் பிடியில் இருந்தன. மேச்சேரிச் சந்தைக்கு ஆடு வாங்க வந்தவர்கள் சுற்றி நின்று, எந்தக் கிடாய்க்கு விலை நடக்கிறது என்று தேடினார்கள். அங்கே கிடாயே இல்லை. விலை நடந்தது ஒரு மோட்டார் கார் எஞ்சினுக்கு.

"சேலத்துல ஒரு பட்டறையில கெடக்குதுங்க," என்று பச்சமுத்து காதோடு சொன்னார். "அக்கக்காப் பிரிச்சு, தேஞ்சதையெல்லாம் மாத்தி, புதுசாட்டம் பூட்டுனது. பூட்டுன பொறவு ஒரு பர்லாங்குகூட ஓடலீங்க. உங்க மோட்டாருக்கு அச்சாப் பொருந்தும்."

"யாரோடது?"

"அதைக் கேக்கப்படாதுங்க. உங்க பேரை நான் அங்க சொல்லலே, அவுங்க பேரை இங்க சொல்லலே. இல்லாட்டி துண்டு எதுக்குங்க?"

தீர்த்தகிரிக்கு வேண்டியதும் அதுதான். சேலத்துக் கடைத்தெருவில் போய் எஞ்சின் கேட்டால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். மாட்டுத் தரகரைப் பிடித்து மாடு வாங்குவது போலவே வாங்கினால் காதும் காதும் வைத்தாற்போல் முடியும். மாடாக இருந்தால் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். எஞ்சினுக்கு எதைப் பிடித்துப் பார்ப்பது என்று தெரியாததால், விலையைக் குறைக்கப் பேருக்கு ஒரு விரலை மடக்கினார். பச்சமுத்து அதை நிமிர்த்திவிட்டார். பேரம் படிந்தது.

மல்லசமுத்திரத்தில் மோட்டார் வைத்திருந்தவர் தீர்த்தகிரி ஒருவர்தான். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் ஏலத்தில் எடுத்த பழைய மோட்டார். அதற்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்று டிரைவர் செல்லமுத்து சொன்னபோது, "நம்ம செக்குலதான் கடலெண்ணெய் கொட்டிக் கெடக்குதே, மனுசனுக்கு ஆகறது மோட்டாருக்கு ஆகாதா?" என்று கேட்டு, தன் கையாலேயே ஊற்றினார். மோட்டார் மூன்று மைல் வரை வடை சுடும் வாசனையோடு ஓடியது. நாலாவது மைலில் எஞ்சின் இறுகிப்போய் நின்றுவிட்டது. அன்று முதல் அது கொட்டகையில் கிடக்கிறது. ஊர் பார்க்கட்டும் என்று தீர்த்தகிரி தினம் அதைத் துடைத்து மட்டும் வைப்பார்.

இந்தச் சமயத்தில்தானா மகள் குஞ்சம்மாளுக்கு இடம் கூடிவர வேண்டும்! நாமகிரிப்பேட்டை குமாரசாமியின் மகன். தங்கமான பையன். அவர்கள் வீட்டிலும் மோட்டார் உண்டு. "மோட்டார் ஊட்டுக்கு மோட்டார் ஊடுதானுங்க சரி," என்று குமாரசாமி பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார். தீர்த்தகிரியும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், கல்யாணத்தன்று மகளை மோட்டாரிலேயே அனுப்புவதாக வாக்குக் கொடுத்தார். பையனைக் குஞ்சம்மாளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மோட்டார் குட்டு உடைந்தால் சம்பந்தமும் உடையும் என்பது தீர்த்தகிரியின் பயம்.

"மோட்டார் செத்துப்போச்சுன்னு சொல்றதுக்கு என்னங்க வெக்கம்? மனுசன் செத்தாச் சொல்றமில்ல?" என்றாள் மனைவி முத்தாயம்மாள்.

"மனுசன் கடலெண்ணெயக் குடிச்சுச் செத்தா நீ சொல்லுவியா? வாயத் தொறந்துறாதே ஆத்தா."

சேலத்திலிருந்து எஞ்சின் மாட்டு வண்டியில் வந்தது. மேலே வைக்கோல் போட்டு மூடியிருந்தார்கள். மூடினால் போதுமா? ஊர் எல்லையில் வண்டி பள்ளத்தில் இறங்கிக்கொண்டது. ஏழு பேர் கைகொடுக்க வந்தார்கள். ஏழு பேரும் வைக்கோலை விலக்கினார்கள்.

"ஏனுங்க, இதென்ன? மோட்டாரோட எஞ்சினாட்டம் இருக்குது?"

வண்டியோடு வந்த தீர்த்தகிரி பதறிப்போய் முன்னால் வந்தார். வாய்க்கு வந்ததைச் சொன்னார். "மோட்டாருக்கு என்ன கேடு? இது கெணத்துக்கு! இனி நம்ம தோட்டத்துல கமலை கெடையாது. எஞ்சின்தான் தண்ணி எறைக்கும்."

அந்தப் பொய் அவரை முந்திக்கொண்டு நாமகிரிப்பேட்டைக்குப் போனது. மூன்றாம் நாளே அங்கிருந்து ஆள் வந்தது. வெள்ளிக்கிழமை உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் பண்ணிக்கொள்ள வருகிறார்கள். அப்படியே எஞ்சின் தண்ணீர் இறைப்பதையும் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

செல்லமுத்து தலையைச் சொறிந்தான். "எஞ்சின் ஒண்ணு. எடம் ரெண்டு. எதுலங்க பூட்டறது?"

தீர்த்தகிரி கணக்குப் போட்டார். அவர்கள் சொந்த மோட்டாரில் வருவார்கள். இவர் மோட்டாரில் ஏறவேண்டிய அவசியம் வராது. "கெணத்து மேட்டுல வெச்சிரு. பொறவு கழட்டி மோட்டார்ல மாட்டிக்கலாம்."

"வெச்சா மட்டும் தண்ணி வருமுங்களா? பம்பு வேணுமே!"

பம்பு எங்கே கிடைக்கும்? அதற்கும் தீர்த்தகிரி ஒரு வழி கண்டார். கிணற்றின் இந்தப் பக்கம் எஞ்சின். அந்தப் பக்கம் சோளத்தட்டைப் படலை ஆளுயரத்துக்கு நிறுத்தி, அதன் பின்னால் வழக்கம்போல மாடு பூட்டிக் கமலை. எஞ்சின் சத்தம் போடும். மாடு தண்ணீர் இறைக்கும். தண்ணீர் வாய்க்காலில் வரும்.

"கடவுளே, இதுக்கு அந்த மாடுகளே வெக்கப்படும்!" என்று முத்தாயம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை குமாரசாமி வந்தார். மோட்டாரில் இல்லை, மாட்டு வண்டியில். வண்டியோட்டி சின்னுசாமி வெற்றிலைத் தட்டோடு பின்னால் வந்தான்.

"மோட்டாருக்குச் சாயம் அடிக்க உட்டிருக்குதுங்க," என்றார் குமாரசாமி, யாரும் கேட்காமலே.

தீர்த்தகிரிக்குத் திக்கென்றது. திரும்பிப் போகும்போது மோட்டாரில் கொண்டுபோய் விடச் சொல்வாரோ? அந்தப் பேச்சு எழுவதற்குள் அவசரமாகத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்.

செல்லமுத்து கைப்பிடியைச் சுழற்றினான். எஞ்சின் ஒரு சுற்றிலேயே பிடித்துக்கொண்டு கர்ஜித்தது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்து வந்தது, நின்றது, மறுபடி பாய்ந்தது, நின்றது.

"தண்ணி உட்டு உட்டு வருதுங்களே?" என்று சின்னுசாமி கேட்டான்.

"புது எஞ்சின். மூச்சு வாங்குது," என்றார் தீர்த்தகிரி.

அதே நேரம் படலுக்குப் பின்னால் ஒரு மாடு "ம்மா" என்றது. தீர்த்தகிரிக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, குமாரசாமி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கண் எஞ்சினை விட்டு அகலவில்லை. சுற்றி வந்து பார்த்தார். குனிந்து அடியில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். அவர் முகம் சாம்பல் பூத்தது.

"இதை எங்க வாங்குனீங்க?"

மாட்டிலிருந்து பேச்சை மாற்றக் கிடைத்த வாய்ப்பைத் தீர்த்தகிரி தாவிப் பிடித்தார். "சேலத்துலங்க. எவனோ மோட்டார் வெச்சுக்க வக்கில்லாதவன். வீறாப்பாப் பிரிச்சுப் பூட்டிப்போட்டு, மறுக்கா ஓட்டக்கூட வழியில்லாமத் தலைமுழுகிட்டானுங்க. நமக்கென்ன, கெணத்துக்காவது ஆகட்டுமேன்னு வாங்கிப் போட்டேன்."

குமாரசாமி எஞ்சினை விட்டு விலகி நடந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் பின்தங்கி, சின்னுசாமியின் காதில் மட்டும் ஏதோ சொல்லி மூக்கை உறிஞ்சினார். வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்தபடியே இருந்தார். முத்தாயம்மாள் உப்பும் சர்க்கரையும் தட்டில் கொண்டுவந்து வைத்தபோது சட்டென்று எழுந்துவிட்டார்.

"இன்னொரு நாளைக்கு மாத்திக்கலாமுங்க. நாங்க வாரோம்."

அறைக்குள்ளிருந்து வளையல் சத்தம் கேட்டது. குஞ்சம்மாள் கதவோரத்தில் கண்கலங்கி நின்றாள். அந்தக் கண்ணைப் பார்த்துத் தீர்த்தகிரி தனக்குள் சொல்லிக்கொண்டார்: 'மாட்டைக் கண்டுகொண்டார். படலைக் கண்டுகொண்டார். எல்லாம் தெரிந்துவிட்டது. என் பவிசுக்காக என் மகள் வாழ்க்கை போகிறது.' இவ்வளவு வெட்கம் அவர் ஆயுளில் பட்டதில்லை. வாசல்வரை ஓடிப்போய்க் குமாரசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, என்னைக் காறித் துப்பிட்டுப் போங்க, ஆனா சம்பந்தத்தை முறிச்சுப்போடாதீங்க! தண்ணி எறைச்சது எஞ்சின் இல்லீங்க, மாடு. அந்த எஞ்சின் கெணத்துக்கு வாங்குனதே இல்லீங்க. என் மோட்டார் எஞ்சின்ல நானே கடலெண்ணெய ஊத்திக் கொன்னுபோட்டேன். என்ற மோட்டார் ஆறு மாசமாச் சவமாட்டம் கெடக்குது. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் துண்டுக்குள்ள வெலை பேசி வாங்குனேன். வித்தவன் யாருன்னுகூட எனக்குத் தெரியாதுங்க. வக்கில்லாதவன் நாந்தானுங்க!"

குமாரசாமி அவரையே வெறித்துப் பார்த்தார். வண்டியின் நுகத்தடிமேல் உட்கார்ந்துவிட்டார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்த சின்னுசாமிதான் பொறுக்கமாட்டாமல் கேட்டான்:

"ஏனுங்க சாமி, நாம வித்த எஞ்சினைத் தெரிஞ்சேதான் தேடி வாங்கிக் கெணத்து மேட்டுல வெச்சு நம்ம மானத்தை வாங்கறாங்கன்னு அழுதீங்களே, அப்ப அது நம்மளுதுன்னு இவுங்களுக்குத் தெரியவே தெரியாதுங்களா?"