சிவப்புப் பையோடு ஓடிய திங்கட்கிழமை

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லும் பொருளைத்தான் வாங்குவேன். (நல்லதை ஒளித்து வைக்கிறார் என்று தோன்றிவிடும்.)

நாற்பது வயதில் டாக்டர், "சுகர் பார்டர்ல நிக்குதும்மா. நடங்க, ஓடுங்க, என்னமாவது பண்ணுங்க. மூணு மாசம் பார்ப்போம்" என்றார். அரியலூரில் அம்மா தினமும் வயிற்றில் ஊசி குத்திக்கொள்வதைப் பார்த்தவள் நான். அந்த ஊசி என் வயிற்றுக்கு வரவே கூடாது. பெரம்பலூரில் எங்கள் வீட்டிலிருந்து ஆபீஸ் மூன்று கிலோமீட்டர்தான். ஓடியே போய்விடுவது என்று முடிவெடுத்தேன்.

ஓட முதுகுப்பை வேண்டுமே! லப்பைக்குடிக்காட்டில் ஒரு பைக்கடைக்குப் போனேன். கடைக்கார பாய், மார்பிலும் இடுப்பிலும் பட்டை வைத்த சின்னப் பை ஒன்றைக் காட்டினார். அதில் என் டிபன் கேரியரின் மூடிகூட நுழையாது. மேலே தொங்கிய சிவப்புப் பையைக் கேட்டேன்.

"அது வெளிநாடு போறவங்க வாங்கறதுங்க. எத்தனை வருஷத்துக்குப் போறீங்க?"

"சாயங்காலம் வந்துருவேன்."

"அப்ப வேணாங்கம்மா" என்றார். அவ்வளவுதான், வாங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை மாற்றுப் புடவை, செருப்பு, குடை, துண்டு, மூன்றடுக்கு கேரியர் எல்லாவற்றையும் உள்ளே திணித்தேன். கணவர் குளித்துக்கொண்டிருந்தார். சொல்லாமலே கிளம்பினேன். இரண்டாவது தெருவிலேயே பை முதுகில் தொம் தொம்மென்று மொத்த ஆரம்பித்தது. ஜிப் வாயைப் பிளந்து முந்தானை வெளியே பறந்தது. கொண்டை அவிழ்ந்தது. வியர்வை இறங்கி, தேய்த்துத் தேய்த்துக் கண்ணெல்லாம் கோவைப்பழம்.

எதிரே பால் பாக்கெட்டோடு சரோஜா அக்கா வந்தார். அவருக்கும் பிறந்த ஊர் அரியலூர்தான், அம்மா வீட்டுக்கு அடுத்த தெரு.

"என்னடி, பையத் தூக்கிட்டு எங்க ஓடற? வூட்ல எதும் பிரச்சனையா?"

மூச்சு வாங்கியதில் வாய் திறக்க முடியவில்லை. 'அப்புறம் சொல்கிறேன்' என்று கையை மட்டும் அசைத்தேன். (கெட்டது குடி!)

நான் ஆபீஸ் சேர்வதற்குள் அக்காவின் போன் அரியலூருக்குப் போய்விட்டது. பத்தரை மணிக்கு ஆபீஸ் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அம்மா, தம்பி, பாதி சவரத்தோடு பெரியப்பா. அம்மா போன் போட்டு மிரட்டியதில் என் கணவரும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஓடி வந்தார்.

"மாப்ள, எம்பொண்ணு உங்களுக்கு என்ன கொறை வச்சா?"

"அத்தை, சத்தியமா நான் குளிச்சிட்டுதான் இருந்தேன்!"

மொத்த ஆபீஸும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. மேனேஜர் என் நாற்காலியையே இழுத்துப் பெரியப்பாவுக்குப் போட்டார், பஞ்சாயத்துக்கு வசதியாக.

"ஐயோ அம்மா, சுகர் வரக் கூடாதுன்னு ஓடினேம்மா! வேற ஒண்ணுமே இல்ல!"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "இதுக்கா பாதி தாடியோட என்னக் கூட்டியாந்தீங்க?" என்று பெரியப்பா கத்தினார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வயசுல நானும் ஓடிருக்கணும்டி. விட்டுறாத" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. (இந்த முறை வியர்வை இல்லை.)

அடுத்த சனிக்கிழமை பாயிடம் போய்ச் சின்னப் பையை வாங்கினேன். பாவம், அவர் சிரிக்காமல் கொடுத்தார். கேரியர் இப்போது கணவரின் பைக்கில் வருகிறது. மூன்று மாதத்தில் சுகர் இறங்கியது. நான் ஓட்டத்தை விடவில்லை.

பாய் கேட்ட கேள்வி மட்டும் குடும்பச் சொத்தாகிவிட்டது. தினமும் வாசலில் கணவர் கேட்கிறார், "எத்தனை வருஷத்துக்கு?" இரண்டாவது தெருவில் சரோஜா அக்காவும் விடுவதில்லை. எவ்வளவு மூச்சு வாங்கினாலும் நான் கையை அசைப்பதில்லை. நின்று, தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டுத்தான் ஓடுகிறேன்:

"சாயங்காலம் வந்துருவேங்க்கா!"